சுவரிலிருந்து தொடங்குங்கள்: நெரிசலான கடைவீதியை மறுவடிவமைக்கும் முறை

தியாகராய நகரின் பாண்டி பஜாருக்குத் தீபாவளித் துணி எடுக்கச் சென்று வந்தவர்களுக்கு அந்தச் சாலையின் பழைய தோற்றம் நினைவில் இருக்கும். கடைவாசலை ஒட்டி இருசக்கர வாகனங்கள், அவற்றுக்கு வெளியே கார்கள், அந்தக் கார்களுக்கும் நகரும் பேருந்துக்கும் இடையே குழந்தையின் கையைப் பற்றிக்கொண்டு நடக்கும் தாய் என்பதே அங்கு அன்றாடக் காட்சியாக இருந்தது. சர் தியாகராய சாலை என்று பெயர்ப்பலகையில் எழுதப்பட்டிருக்கும் அந்தச் சாலையின் வாகனப் பாதையைக் குறுக்கி, இரு பக்கமும் நடைபாதையை அகலமாக்கி, 2019 நவம்பரில் சென்னை மாநகராட்சி திறந்தது. அன்று முதல், தமிழ்நாட்டின் எந்த ஊரில் கடைவீதியைச் சீரமைப்பது பற்றிப் பேசினாலும் பாண்டி பஜாரின் பெயர் வந்துவிடுகிறது. அந்த மாற்றத்தைப் படம் பிடித்துக் காட்டுவது எளிது. அதைத் தம் ஊர்ச் சாலைக்கு எந்த வரிசையில் செய்வது, எங்கே தவறும் என்பதைத் தெரிந்துகொள்வதுதான் கடினம். மாமன்ற உறுப்பினர், மாநகராட்சிப் பொறியாளர், வியாபாரிகள் சங்கத்தார், குடியிருப்போர் நலச் சங்கத்தார் ஆகியோர் ஒரே மேசையில் அமர்ந்து பயன்படுத்தக்கூடிய வழிமுறையாக இதை எழுதுகிறேன்.

இது அழகுபடுத்தும் வேலை என்று யாரேனும் சொன்னால், அவரிடம் இரண்டு எண்களைக் காட்டுங்கள். 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் 32,825 பேர், அதாவது நாளொன்றுக்குச் சுமார் 90 பேர், நடந்து சென்றவர்கள். அந்த ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடத்தில் இருந்த மாநிலம் தமிழ்நாடு. நடைபாதையில் தடையின்றி நடப்பது அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று உச்ச நீதிமன்றம் 2025 மே மாதத்தில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. சென்னை மாநகராட்சி அதற்கு முன்பே, 2014இல், மோட்டார் அல்லாத போக்குவரத்துக் கொள்கையை ஏற்று, போக்குவரத்துக்கான செலவில் குறைந்தது 60 விழுக்காட்டை நடப்பவர்களுக்கும் மிதிவண்டி ஓட்டுபவர்களுக்கும் ஒதுக்க வேண்டும் என்று எழுதி வைத்தது. ஆகவே இந்த வேலைக்குச் சட்டமும் கொள்கையும் துணை நிற்கின்றன. வேண்டியது முறையான வடிவமைப்பு.

முதலில் அளவு

சாலையின் அகலம் என்ன என்று கேட்டால், பெரும்பாலும் தார் போட்ட பகுதியின் அகலத்தையே சொல்வார்கள். நீங்கள் அளக்க வேண்டியது ஒரு பக்கத்துக் கடைச் சுவரிலிருந்து எதிர்ப்பக்கத்துக் கடைச் சுவர் வரையிலான அகலம். இதை 20 மீட்டருக்கு ஒரு முறை அளந்து குறியுங்கள். நகர நில அளவை வரைபடத்தையும் அருகில் வைத்துக்கொள்ளுங்கள். சாலைக்குச் சொந்தமான நிலம் எதுவரை, கடையின் படிக்கட்டும் சாய்தளமும் எங்கே அதைத் தாண்டி வருகின்றன என்பது இரண்டையும் ஒப்பிடும்போதே தெரியும். நம் ஊர்ச் சாலைகளில் இந்த அகலம் ஒரே சீராக இருப்பதில்லை. ஓரிடத்தில் 30 மீட்டராக இருக்கும் சாலை, நூறு மீட்டர் தள்ளி 24 ஆகும், ஒரு கோயில் மதிலருகே 21 ஆகும். இந்த ஏற்ற இறக்கத்தை வரைபடத்தில் கண்ணால் பார்க்கும் வரை அடுத்த படிக்குச் செல்ல வேண்டாம்.

அதே வரைபடத்தில் ஒவ்வொரு மரத்தையும், மின்கம்பத்தையும், டிரான்ஸ்பார்மரையும், பில்லர் பெட்டியையும் (தெருவோர மின் இணைப்புப் பெட்டி), மேன்ஹோல் மூடியையும், பேருந்து நிறுத்தத்தையும், தள்ளுவண்டி நிற்கும் இடத்தையும் குறிக்க வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் இதைத் தவிர்த்துவிட்டுக் கணினியில் அழகாக வரையப்பட்ட நடைபாதைகளின் நடுவில்தான் பின்னர் பில்லர் பெட்டி முளைத்து நிற்கிறது.

அடுத்தது எண்ணிக்கை. வாகனங்களை மட்டும் எண்ணுவது நம் பழக்கம். ஆட்களை எண்ணுங்கள். ஒரு வேலை நாளிலும் ஒரு சனிக்கிழமையிலும், காலை முதல் இரவு கடை மூடும் வரை, அந்தச் சாலையின் குறுக்குக் கோடு ஒன்றைக் கடக்கும் மனிதர்கள் எத்தனை பேர், எதில் கடக்கிறார்கள் என்று பதிவு செய்ய வேண்டும். ஒரு மாநகரப் பேருந்து மூன்று கார்களுக்கு ஆகும் இடத்தை எடுத்துக்கொண்டு ஐம்பது, அறுபது பேரைச் சுமந்து செல்கிறது. கார் பெரும்பாலும் ஒருவரையோ இருவரையோ சுமக்கிறது. இந்தக் கணக்கை எழுதிப் பார்த்தால், சாலையின் பெரும்பகுதி இடத்தைப் பிடித்திருப்பவர்கள் அதைப் பயன்படுத்துவோரில் சிறுபான்மையினர் என்பது எண்ணாகவே வந்து நிற்கும். வார்டு மக்கள் கூடும் பகுதி சபைக் கூட்டத்தில் வாதம் எழும்போது அந்த ஒரு தாள் உங்களுக்கு மிகவும் பயன்படும்.

மிதிவண்டிக்காரர்களை எண்ணும்போது கூடுதல் கவனம் தேவை, ஏனென்றால் அவர்கள் நெரிசல் நேரத்தில் மட்டும் வருபவர்கள் அல்லர். விடியலில் பால் பாக்கெட்டும் செய்தித்தாளும் கொண்டு வருபவர், கட்டட வேலைக்குச் செல்பவர், தண்ணீர் கேன் போடுபவர், பள்ளி மாணவர் என்று அவர்கள் நாள் முழுவதும் சிதறிக் கிடக்கிறார்கள். 11ஆம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மிதிவண்டி தரும் அரசு நம்முடையது. அந்த வண்டியை ஓட்டிச் செல்ல ஒரு முழ அகலம்கூடச் சாலையில் ஒதுக்கப்படாதிருப்பது எனக்குத் தீராத வருத்தம். எண்ணிக்கை குறைவாக இருக்கிறது என்று சொல்லித் தடத்தை மறுக்க வேண்டாம். ஆற்றில் நீந்திக் கடப்பவர்களின் எண்ணிக்கையைப் பார்த்துப் பாலம் வேண்டுமா என்று யாரும் முடிவு செய்வதில்லை.

வாகனப் பாதைக்கு எவ்வளவு: சந்திப்பைக் கேளுங்கள்

மறுவடிவமைப்பின் உயிர்நாடி இந்தப் பகுதிதான். சாலையைக் குறுக்கினால் நெரிசல் கூடும் என்பது முதல் எதிர்ப்பாக வரும். அதற்கான விடை சிக்னல் சந்திப்பில் இருக்கிறது.

ஒரு சாலை வழியாக ஒரு மணி நேரத்தில் எத்தனை வண்டிகள் செல்ல முடியும் என்பதை முடிவு செய்வது அதன் மிக இறுக்கமான இடம். நகரச் சாலையில் அந்த இடம் பெரும்பாலும் சிக்னல் சந்திப்பாகவே இருக்கிறது. சாலைகளுக்கான தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைகள் பேரவையின் (IRC) பழைய வாய்பாட்டின்படி, சந்திப்புக்கு வந்து சேரும் பாதையின் அகலத்தை மீட்டரில் எடுத்து 525ஆல் பெருக்கினால், ஒரு மணி நேரம் முழுவதும் பச்சை விளக்கு எரிந்தால் எத்தனை கார்களுக்கு இணையான வாகனங்கள் வெளியேறும் என்பது கிடைக்கும். பாதை 6.25 மீட்டர் என்றால் அது சுமார் 3,280. ஆனால் பச்சை முழு நேரமும் எரிவதில்லை. நான்கு முனைச் சந்திப்பில் நம் பக்கத்துக்கு மூன்றில் ஒரு பங்கு நேரம் கிடைத்தாலே பெரிது. அப்படியானால் உண்மையில் வெளியேறுவது சுமார் 1,100. அதே பேரவையின் கணக்கில், நடுத்திட்டு உள்ள நான்கு தடப் பெருஞ்சாலை ஒரு திசையில் மணிக்கு 1,800 கார்களுக்கு இணையான வாகனங்களைத் தாங்கும். ஆக, சந்திப்புகளுக்கு இடைப்பட்ட பகுதியில் திசைக்கு இரண்டு தடங்கள் இருந்தாலே சந்திப்பு விடுவதைவிட அதிகம். அங்கே மூன்றாவது தடத்தைச் சேர்ப்பது, வாய் குறுகிய குடத்தின் வயிற்றைப் பெருக்குவதைப் போன்றது. கூடுதலாகக் கிடைக்கும் அந்த அகலம் வண்டி ஓடப் பயன்படாமல், வண்டி நிறுத்தத்தான் பயன்படும். இந்த எண்கள் நம் கலப்புப் போக்குவரத்துக்குத் தோராயமானவை. உங்கள் சந்திப்பில் நின்று ஒரு பச்சையில் எத்தனை வண்டிகள் செல்கின்றன என்று எண்ணிப் பார்த்து உங்கள் எண்ணையே எழுதுங்கள்.

இதிலிருந்து கிடைக்கும் விதி எளியது. சாலையின் முழு நீளத்துக்கும் வாகனப் பாதையின் அகலம் ஒரே அளவாக இருக்க வேண்டும். மிகக் குறுகிய இடத்தில் எத்தனை தடங்கள் ஓடுகின்றனவோ, சந்திப்பு எவ்வளவு விடுகிறதோ, அதற்கேற்ற அகலத்தை எல்லா இடத்துக்கும் வைத்துக்கொண்டு, மீதியைக் கூசாமல் நடைபாதைக்குக் கொடுக்கலாம். அகன்று பின் குறுகும் சாலையில், நான்கு வரிசை வண்டிகள் இரண்டு வரிசையாகச் சுருங்கும் இடத்தில்தான் ஹாரன் சத்தமும் உரசலும் பிறக்கின்றன. தேவைப்பட்டால் சந்திப்புக்கு முந்தைய 50 அல்லது 60 மீட்டரில் மட்டும், வலப்புறம் திரும்புவோருக்காக ஒரு தடம் கூட்டலாம்.

தடத்தின் அகலத்தையும் கவனியுங்கள். 3.5 மீட்டர் அகலத் தடம் நெடுஞ்சாலை வேகத்துக்கு உரியது. கடைவீதியில் பேருந்து செல்லும் தடத்துக்கு 3.25 மீட்டரும் மற்றத் தடத்துக்கு 3 மீட்டரும் போதும். தடம் அகலமானால் காலியாக இருக்கும் நேரத்தில் வேகம் கூடும். இரவு பத்து மணிக்கு மேல் நடக்கும் கொடிய விபத்துகளுக்கு இந்த அகலமும் ஒரு காரணம்.

30 மீட்டரை எப்படிப் பங்கிடுவது

இரு சுவர்களுக்கு இடையே 30 மீட்டர் கிடைக்கும் ஒரு கடைவீதியை எடுத்துக்கொள்வோம். வழக்கமாகச் சாலையின் நடுவில் கோடு போட்டு, வாகனத் தடங்களை முதலில் வரைந்து, மிஞ்சியதை நடைபாதை என்பார்கள். நாம் சுவரிலிருந்து உள்நோக்கி வருவோம்.

கடைச் சுவரை ஒட்டி அரை மீட்டர். கண்ணாடி வழியே பொருளைப் பார்ப்பவரும், செருப்பைக் கழற்றி விடுபவரும், படியிறங்குபவரும் நிற்க இது வேண்டும். அதை அடுத்து 3 மீட்டர், நடப்பதற்கு மட்டும். வணிகப் பகுதியில் தடையற்ற நடைபாதைக்குக் குறைந்தது 2.5 மீட்டர் என்பதும், குடியிருப்புப் பகுதியிலேயே 1.8 மீட்டருக்குக் குறையக் கூடாது என்பதும் இந்தியச் சாலைகள் பேரவையின் 2012ஆம் ஆண்டு வழிகாட்டி சொல்லும் அளவுகள். தடையற்ற என்ற சொல்லை அடிக்கோடிட்டு வாசியுங்கள். நடுவில் ஒரு கம்பம் இருந்தால், அளப்பது கம்பத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள அகலத்தை மட்டுமே. அதற்கடுத்து 1.8 மீட்டர் பட்டை: மரங்கள், விளக்குக் கம்பங்கள், பில்லர் பெட்டிகள், இருக்கைகள், தள்ளுவண்டிகள், பூக்கடைகள் அனைத்தும் இந்தப் பட்டைக்குள் மட்டுமே. பிறகு 2 மீட்டர் அகல மிதிவண்டித் தடம், அதற்கும் வாகனப் பாதைக்கும் இடையே 0.7 மீட்டர் தடுப்புத் திட்டு. ஒரு பக்கத்துக்கு 8 மீட்டர், இரு பக்கமும் சேர்ந்து 16. மீதமுள்ள 14 மீட்டரில், திசைக்கு 6.25 மீட்டராக 12.5 மீட்டர் வாகனப் பாதையும், நடுவில் 1.5 மீட்டர் நடுத்திட்டும் அமையும்.

இந்தப் பங்கீட்டில் ஒன்று விடுபட்டிருப்பதைக் கவனித்திருப்பீர்கள். வண்டி நிறுத்த இடம் இல்லை. அது மறதியால் அன்று. அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

மிதிவண்டித் தடத்தை வாகனப் பாதையில் வெறும் பச்சை வண்ணம் பூசி அமைக்க வேண்டாம். முதல் வாரத்திலேயே அது ஆட்டோ நிற்கும் இடமாகிவிடும். அதே நேரத்தில், நடைபாதையோடு ஒரே மட்டத்தில் ஒட்டியும் அமைக்க வேண்டாம். நடப்பவர்கள் அதில் பரவிவிடுவார்கள், ஓட்டுபவர் மணியடித்துக் களைத்துச் சாலைக்கே திரும்பிவிடுவார். நடைபாதையைவிடச் சற்றுத் தாழ்வாக, சாலையைவிடச் சற்று உயர்வாக, நடுவில் மேலே சொன்ன 1.8 மீட்டர் மரப் பட்டை இருக்குமாறு அமைப்பதே நிலைக்கும். மரம் வேறொரு காரணத்துக்காகவும் முக்கியம்: சித்திரை வெயிலில் நிழல் இல்லாத மிதிவண்டித் தடம் எத்தனை கோடி செலவில் போட்டாலும் காலியாகவே கிடக்கும். இருக்கும் மரங்களைக் கோட்டுக்கு வராதவை என்று வெட்டாதீர்கள், கோட்டை வளையுங்கள்.

அகலம் 18 மீட்டர் மட்டுமே என்றால், எல்லோருக்கும் தனித்தனித் தடம் தர முயல வேண்டாம். 7 மீட்டரில் இரு வழிப் பாதை, மீதி நடைபாதையும் மரப் பட்டையும் என்று வைத்து, வேகத்தை 30 கிலோமீட்டருக்குக் கட்டுப்படுத்திவிட்டால் மிதிவண்டி வாகனங்களோடு கலந்தே பாதுகாப்பாகச் செல்லும்.

வண்டி நிறுத்தம், தள்ளுவண்டி, பேருந்து

கடை வாசலில் வண்டி நிறுத்த இடமில்லையென்றால் வியாபாரம் படுத்துவிடும் என்பது வியாபாரிகளின் அச்சம். அதை அலட்சியமாகத் தள்ளுவது அநியாயம், ஏனென்றால் அவர்களின் அன்றாட வருமானம் அதில் இருக்கிறது. கணக்கைச் சேர்ந்து போட்டுப் பாருங்கள். ஒரு கார் நிற்கச் சுமார் 10 சதுர மீட்டர் வேண்டும். ஒரு கடையின் முகப்பு 5 மீட்டர் என்றால், அங்கே நிற்கக்கூடியது ஒரே கார். பல நாட்களில் அது கடைக்காரருடையதாகவோ ஊழியருடையதாகவோ இருக்கும். அதே இடத்தில் நான்கைந்து இருசக்கர வாகனங்கள் நிற்கலாம், அல்லது அதைத் திறந்து விட்டால் ஒரு மணி நேரத்தில் பல நூறு பேர் கடையைப் பார்த்தபடி நடக்கலாம். ஒரு நாள் முழுவதும் வாடிக்கையாளர்களிடம் எதில் வந்தீர்கள் என்று கடைக்காரர்களையே கேட்டுக் குறிக்கச் சொல்லுங்கள். அவர்களே எடுத்த கணக்கை அவர்கள் மறுக்க மாட்டார்கள்.

பாண்டி பஜாரில் சாலையோர நிறுத்தத்துக்கு மாற்றாகத் தணிகாசலம் சாலையில் பல அடுக்கு வாகன நிறுத்தம் கட்டினார்கள். எல்லா ஊரிலும் அதற்கு நிலமும் பணமும் இருக்காது. அங்கெல்லாம் குறுக்குத் தெருக்களின் முகப்பில், முதல் 10 மீட்டரை விட்டு, இருசக்கர வாகனங்களுக்குக் கட்டம் போட்டுக் கொடுக்கலாம். கட்டணம் மணிக்கணக்கில், நேரம் ஏற ஏற உயர்வதாக இருக்க வேண்டும். அப்போதுதான் ஊழியரின் வண்டி நாள் முழுவதும் வாடிக்கையாளரின் இடத்தில் நிற்காது. சரக்கு ஏற்றி இறக்குவதற்குக் காலை பத்து மணிக்கு முன்பும் இரவு கடை மூடிய பின்பும் நேரம் ஒதுக்கிப் பலகை வையுங்கள். இந்த ஏற்பாடுகள் நடைமுறைக்கு வந்த பின்பே சாலையோர நிறுத்தத்தை எடுக்க வேண்டும். வரிசை மாறினால் முதல் மாதத்திலேயே திட்டத்தின் மீது வெறுப்பு வரும்.

தள்ளுவண்டிக்காரர்களை ஆக்கிரமிப்பு என்ற ஒரே சொல்லில் அடக்கி அகற்றிவிட்டு வேலையைத் தொடங்குவது சட்டத்துக்கும் புறம்பானது. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம், முதலில் கணக்கெடுப்பு, சான்றிதழ், இடம் ஒதுக்கீடு, அதன் பின்பே இடமாற்றம் என்று வரிசை வகுத்திருக்கிறது. நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 விழுக்காட்டினர் தெரு வியாபாரிகளாக இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. அந்தக் குழுவைக் கூட்டி, 1.8 மீட்டர் பட்டையில் எந்த இரு மரங்களுக்கு நடுவே யாருடைய வண்டி என்று பெயர் எழுதிக் குறித்துக்கொள்ளுங்கள். மின்சார இணைப்பும் குப்பைத் தொட்டியும் அங்கேயே கொடுத்துவிட்டால் நடைபாதை சுத்தமாக இருக்கும். பூக்காரம்மாவும் இளநீர்க்காரரும் இருக்கும் தெருவில் இரவிலும் பெண்கள் அச்சமின்றி நடக்கிறார்கள். அவர்கள் இல்லாத அகலமான நடைபாதை ஒன்பது மணிக்கெல்லாம் வெறிச்சோடிவிடும்.

பேருந்து நிறுத்தத்துக்கென்று சாலையோரத்தைக் குடைந்து உள்வாங்கிய இடம் அமைக்காதீர்கள். உள்ளே சென்ற பேருந்து மீண்டும் சாலைக்கு வர யாரும் வழி விடுவதில்லை என்பதால் ஓட்டுநர்கள் அதில் நுழைவதே இல்லை. அந்த இடம் ஷேர் ஆட்டோ நிலையமாகிவிடும், பயணிகள் சாலையின் நடுவே இறங்கி ஓடுவார்கள். பேருந்து தன் தடத்திலேயே நிற்கட்டும், நடைபாதை அதை நோக்கி நீளட்டும். நிழற்குடை மரப் பட்டையில் அமையட்டும். அந்த இடத்தில் மட்டும் மிதிவண்டித் தடத்தை நடைபாதையின் மட்டத்துக்கு உயர்த்திவிட்டால், ஓட்டுபவர் தானாகவே வேகம் குறைப்பார்.

கடக்கும் இடமும் முனையும்

மக்கள் கடக்கும் இடத்தை நாம் தேர்ந்தெடுக்க முடியாது. அவர்கள் ஏற்கெனவே தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். நடுத்திட்டின் இரும்புத் தடுப்பில் எங்கே ஒரு கம்பி வளைக்கப்பட்டிருக்கிறதோ, எங்கே செடி மிதிபட்டுப் பாதை விழுந்திருக்கிறதோ, அங்கேதான் கடக்கும் வழி அமைய வேண்டும். கடைவீதியில் நூறு, நூற்றைம்பது மீட்டருக்கு ஒன்றாவது தேவை. நடைமேம்பாலம் இதற்கு மாற்று ஆகாது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் தியாகராய நகர்ப் பேருந்து நிலையத்தையும் இணைக்கும் ஆகாய நடைபாதை போல, தொலைவான இரு இடங்களை நேராக இணைக்கும்போது அது பயன்படும். எதிர்ச்சாரிக் கடைக்குச் செல்ல நாற்பது படி ஏறி நாற்பது படி இறங்கு என்று முதியவரிடம் சொல்வது முறையன்று.

கடக்கும் வழியை நடைபாதையின் மட்டத்துக்கே, மேசைபோல உயர்த்திக் கட்டுங்கள். நடப்பவர் இறங்கி ஏற வேண்டியதில்லை, சக்கர நாற்காலி தடையின்றிச் செல்லும், வாகனம் தானாக வேகம் குறைக்கும். இரண்டு பக்கமும் புள்ளி பதித்த எச்சரிக்கைத் தரைக்கற்கள் வேண்டும். கோடு பதித்தவை வழிகாட்ட, புள்ளி பதித்தவை நிறுத்த. பார்வையற்றவர் காலால் வாசிக்கும் எழுத்து அது. அதைக் கம்பத்தில் முட்டி முடியுமாறு பதிப்பது அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று சுவரில் மோதவிடுவதற்குச் சமம். கல் பதித்ததும் பார்வையற்ற ஒருவரை அழைத்து, கோலோடு நடந்து பார்க்கச் சொல்லிய பின்பே பணம் கேட்டு ஒப்பந்தக்காரர் தரும் பட்டியலுக்குக் கையெழுத்திடுங்கள்.

சிக்னலில் நடப்பவருக்கான நேரத்தை வினாடிக்கு 1.2 மீட்டர் என்ற நடைவேகத்தில் கணக்கிடுவது வழக்கம். 14 மீட்டரைக் கடக்க அதன்படி 12 வினாடி. முதியவரின் வேகம் 0.9 என்றால் 16 வினாடி. மருத்துவமனையோ கோயிலோ அருகில் இருந்தால் இரண்டாவது கணக்கையே எடுங்கள். சந்திப்பின் முனையில், நடைபாதை விளிம்பில் பதிக்கும் ஓரக்கல்லின் வளைவைச் சிறிதாக்குங்கள். வளைவு பெரிதானால் வாகனங்கள் வேகம் குறைக்காமல் இடப்புறம் திரும்பும், கடக்க வேண்டிய தொலைவும் கூடும். எந்த நேரமும் இடப்புறம் திரும்பலாம் என்ற ஏற்பாடு இருக்கும் முனையில் நடப்பவருக்குப் பாதுகாப்பான வினாடி என்று ஒன்று இல்லவே இல்லை. கடைவீதிச் சந்திப்புகளில் அதை நீக்கிவிடுவதே நல்லது.

குறுக்குத் தெரு வந்து சேரும் இடத்தில் நடைபாதை இறங்கி ஏறக் கூடாது. நடைபாதை நேரே செல்லட்டும், கார் ஏறி இறங்கட்டும். ஓரக்கல்லின் உயரம் 150 மில்லிமீட்டரைத் தாண்டாமல் இருக்க வேண்டும். ஓரடி உயர நடைபாதையில் வாகனம் ஏறாது என்று நினைத்துக் கட்டுவார்கள். முட்டி வலி உள்ளவரும் ஏற மாட்டார் என்பதை மறந்துவிடுவார்கள். பைக்குகளைத் தடுக்கக் குறுங்கம்பங்கள் நடும்போதும் இதே சிக்கல் உண்டு. சக்கர நாற்காலி நுழைய 0.9 மீட்டர் இடைவெளியாவது வேண்டும், அதே இடைவெளியில் பைக்கும் நுழைந்துவிடும். இதற்கு வடிவமைப்பில் முழுத் தீர்வு கிடையாது. முதல் ஆறு மாதம் போக்குவரத்துக் காவலர் நின்று அபராதம் விதிப்பதுதான் பழக்கத்தை மாற்றும்.

மண்ணுக்குக் கீழே

பல நல்ல திட்டங்கள் தோற்றது மேலே தெரிவதால் அன்று, கீழே தெரியாததால். குடிநீர்க் குழாய், பாதாளச் சாக்கடை, மின்கம்பி, தொலைபேசிக் கம்பி, மழைநீர் வடிகால் ஆகிய அனைத்தும் நடைபாதையின் அடியில்தான் செல்கின்றன. கல் பதித்த மூன்றாம் மாதத்தில் ஒரு துறை வந்து தோண்டி, மண்ணை மட்டும் தள்ளி மூடிவிட்டுச் செல்வதை எந்தத் தெருவில்தான் பார்க்கவில்லை? ஆகவே டெண்டர் விடுவதற்கு முன்பே எல்லாத் துறைகளையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைத்து, அடுத்த ஐந்தாண்டுகளில் அவர்கள் செய்யவிருக்கும் வேலையை இப்போதே செய்து முடிக்கச் செய்யுங்கள். கம்பிகளுக்குப் பொதுவான குழாய்ப் பாதை ஒன்றை மரப் பட்டைக்கு அடியில் அமைத்து, 30 மீட்டருக்கு ஒரு திறப்பு வைத்துவிட்டால், பின்னர் தோண்ட வேண்டிய தேவையே எழாது.

தியாகராய நகர் பழைய மாம்பலம் ஏரியின் மேல் எழுந்த ஊர். 2021 நவம்பர் மழையில் அங்கே தண்ணீர் தேங்கி நின்றதை நாம் பார்த்தோம். உங்கள் ஊர்ச் சாலையும் ஒரு குளத்தின் மேலோ வாய்க்காலின் மேலோ இருக்கலாம். நடைபாதையை அகலமாக்கும்போது சாலையின் தண்ணீர் வடிகாலுக்குச் செல்லும் வாய் எங்கே நகர்கிறது என்பதை ஒவ்வொரு 10 மீட்டரிலும் சரிபாருங்கள். நடைபாதையின் சரிவு சாலையை நோக்கி இருக்க வேண்டும், கடையை நோக்கி அன்று. மரத்தின் அடியைச் சிமெண்டால் மூடாமல் ஒரு மீட்டர் சதுரமாவது மண்ணாக விடுங்கள். அடுத்த முறை தார் போடும்போது பழைய தாரைச் சுரண்டி எடுத்த பின்பே புதியதைப் போட வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவுறுத்தியது. அதைக் கடைப்பிடிக்காவிட்டால் இரண்டு முறை தார் போட்டதும் 150 மில்லிமீட்டர் ஓரக்கல் மறைந்து, மழைநீர் கடைக்குள் நுழையும், வண்டியும் நடைபாதையில் ஏறும்.

கட்டுவதற்கு முன் ஒத்திகை

சிமெண்ட் கலப்பதற்கு முன், வண்ணமும் பிளாஸ்டிக் கூம்புகளும் தற்காலிகத் தடுப்புகளும் கொண்டு வடிவமைப்பைச் சாலையிலேயே வரைந்து நான்கு வாரம் ஓட்டிப் பாருங்கள். தியாகராய நகரிலும் அப்படி ஒத்திகை நடந்த பின்பே நிரந்தர வேலை தொடங்கியது. ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமையில் செய்யும் ஒத்திகை விழாவாக முடிந்துவிடும். வேலை நாள், முகூர்த்த நாள், மழை நாள் மூன்றும் அதற்குள் வர வேண்டும். எந்த முனையில் பேருந்து திரும்பச் சிரமப்படுகிறது, எந்தக் கடைக்கு ஆம்புலன்ஸ் வர வழி இல்லை, எந்தத் தெருவில் திசை திருப்பப்பட்ட வாகனங்கள் புகுந்து குடியிருப்போரைத் தொந்தரவு செய்கின்றன என்பவையெல்லாம் அப்போது வெளிவரும். கூம்பை நகர்த்துவதற்கு ஒரு நிமிடம், ஓரக்கல்லை நகர்த்துவதற்கு ஒரு டெண்டர்.

ஒத்திகையின்போது வரும் குறைகளை எழுதி வாங்கி, ஒவ்வொன்றுக்கும் என்ன செய்தோம் என்பதை அதே தெருவில் பலகையில் ஒட்டுங்கள். எதிர்ப்பவர்களில் பாதிப் பேர் எதிர்ப்பது திட்டத்தை அன்று, தம்மைக் கேட்காததை.

திறப்பு விழாவுக்குப் பிறகு

கட்டுமான ஒப்பந்தத்திலேயே ஐந்தாண்டுப் பராமரிப்பையும் சேர்த்துவிடுங்கள். உடைந்த தரைக்கல்லை எத்தனை நாளில் மாற்ற வேண்டும், எரியாத விளக்கை எத்தனை நாளில் சரிசெய்ய வேண்டும் என்பதை நாட்கணக்கில் எழுத வேண்டும். மாற்றுக் கற்களில் நூற்றுக்கு ஐந்து வீதம் மாநகராட்சிக் கிடங்கில் இருப்பு வைக்கச் செய்வது நல்லது. மூன்றாண்டு கழித்து அதே அளவில், அதே நிறத்தில் கல் கிடைக்காமல் சிமெண்டைப் பூசி ஒட்டுப்போடுவதைத் தவிர்க்க வேறு வழியில்லை. சாலைக்குப் பொறுப்பான பொறியாளர் ஒருவரின் பதவியும் அலுவலகத் தொலைபேசி எண்ணும் தெருவிலேயே பலகையில் இருக்கட்டும்.

ஆறு மாதம் கழித்தும் ஓராண்டு கழித்தும், முதலில் எண்ணிய அதே குறுக்குக் கோட்டில், அதே நாட்களில், அதே நேரங்களில் மீண்டும் ஆட்களை எண்ணுங்கள். வாகன வேகத்தையும், காவல் நிலையத்தில் பதிவான விபத்துகளையும், கடைக்காரர்கள் தரும் விற்பனைக் கணக்கையும் பக்கத்தில் வையுங்கள். நடப்பவர்கள் கூடியிருந்து மிதிவண்டிகள் கூடவில்லையென்றால், தடம் அடுத்த சந்திப்பில் அறுபடுகிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் காரணம் அங்கேதான் இருக்கும்: ஒரு கிலோமீட்டர் பாதுகாப்பாக ஓட்டி வந்த மாணவி, சிக்னலுக்கு முந்தைய இருபது மீட்டரில் லாரிகளுக்கு நடுவே இறக்கிவிடப்படுகிறாள். அந்த இருபது மீட்டரைச் சரிசெய்யும் வரை அவளுடைய பெற்றோர் அவளை மறுபடி அனுப்ப மாட்டார்கள்.